திறமையான த்ரில்லர் இயக்குநர் எடுத்தும் உங்களை ஏமாற்றிய அமானுஷ்யப் படம் எது?

ரோமன் போலன்ஸ்கியின் ‘தி நைன்த் கேட்’ (1999). கேள்வியைப் படித்ததுமே மனதில் வந்தது இதுதான். முடிவையும் சொல்லப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் இதன் முதல் பாதி எனக்கு அவ்வளவு பிடிக்கும். அரிய புத்தகங்களை வாங்கி விற்கும் கோர்சோவாக ஜானி டெப். சாத்தானை வரவழைக்கும் வழி சொல்வதாக நம்பப்படும், 1666-ல் அச்சான ஒரு புத்தகத்துக்கு மிஞ்சியிருப்பவை மூன்றே பிரதிகள். ஒன்றை வைத்திருக்கும் பணக்காரர் பால்கன், மற்ற இரண்டோடும் ஒப்பிட்டுப் பார்த்துவரச் சொல்லி கோர்சோவை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்.

அந்த ஒப்பிடும் காட்சிதான் படத்தின் உயிர். இரண்டு பிரதிகள் பக்கத்தில் பக்கத்தில் விரிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒன்பது ஓவியங்கள், பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே. ஆனால் ஓர் ஓவியத்தில், ஒரு பிரதியில் கிழவரின் சாவி ஒரு கையில், மற்றதில் மறு கையில். ஓரத்தில் இருக்கும் கையொப்பமும் வேறு: ஒன்றில் புத்தகத்தை அச்சிட்டவரின் ‘ஏ.டி.’, இன்னொன்றில் ‘எல்.சி.எஃப்.’, அதாவது லூசிஃபர், சாத்தானேதான். பேய் இல்லை, அலறல் இல்லை. கோர்சோவோடு சேர்ந்து நாமும் குனிந்து தேடுகிறோம், முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்த படம், பின்பாதியில் நம் கண்ணுக்கு வேலையே தருவதில்லை. கொலைகள் வரிசையாக விழுகின்றன. கோர்சோவைத் தொடரும் பெண் திடீரென்று காற்றில் மிதந்து வருகிறாள். அவள் மனுஷிதானா என்று நமக்குள் வளர்ந்துவந்த சந்தேகம் அந்த நொடியே செத்துப்போகிறது. கடைசியில் பால்கன் பாழடைந்த கோட்டையில், மூன்று பிரதிகளிலிருந்தும் சேர்த்த ‘எல்.சி.எஃப்.’ ஓவியங்கள் ஒன்பதையும் பரப்பி, தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பித் தன்மேல் தீ வைத்துக்கொள்கிறார், வெந்து துடிக்கிறார். ஒன்பதாவது ஓவியம் போலி! அசல், ஒரு கடையில் பழைய அலமாரியை நகர்த்தும்போது தானாக வந்து விழுகிறது. கோர்சோ அதைக் கண்டுபிடிக்கக்கூட இல்லையே என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத குறை. பிறகு கோட்டைக் கதவு, வெள்ளை வெளிச்சம், படம் முடிந்தது.

இதே போலன்ஸ்கிதான் 1968-ல் ‘ரோஸ்மேரீஸ் பேபி’ எடுத்தவர். அதில் தொட்டிலுக்குள் இருக்கும் குழந்தையின் முகத்தை அவர் காட்டவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்ளும் தாயின் விரிந்த கண்களைத்தான் காட்டினார். இன்றைக்கும் அந்தத் தொட்டிலை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். கோட்டை வெளிச்சத்தை நினைத்தால் ஒன்றுமே தோன்றுவதில்லை.