வாசகர் கேள்விகள்: குடல் அழற்சியும் குடல் வைரஸ்களும்

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண்ணும் அழற்சியும்) இருக்கிறது. குடல் வைரஸ்தான் இதற்குக் காரணம் என்கிறார்களே, மலத்தில் வைரஸ் டெஸ்ட் எடுக்கலாமா?
– வாசகி, கரூர்

குடலில் வைரஸ் இல்லாதவர் யாருமே கிடையாது. அவற்றில் பெரும்பாலானவை நம் செல்களைத் தொடுவதில்லை. குடல் பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகும் ஃபேஜ் வைரஸ்கள் அவை. 2015இல் அமெரிக்க, பிரிட்டிஷ் நோயாளிகளின் மலத்தை ஆராய்ந்தபோது, க்ரோன் நோய் (இன்னொரு வகை நாள்பட்ட குடல் அழற்சி), கொலைட்டிஸ் இரண்டிலும் ஃபேஜ் வகைகள் கூடியிருந்தன. அதனால்தான் அழற்சி வந்ததா, அழற்சி வந்ததால் அவை கூடினவா என்பது அதில் தெளிவாகவில்லை. 2022இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், அறுவை சிகிச்சையில் அகற்றிய பெருங்குடலிலிருந்து வைரஸ்களைப் பிரித்து நோய் எதிர்ப்பு செல்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். நோயில்லாதவர்களின் வைரஸ்கள் அழற்சியைத் தணித்தன, நோயாளிகளுடையவை தூண்டிவிட்டன. ஆக, வைரஸுக்குப் பங்கு உண்டு. அது மட்டுமே காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

டெஸ்ட் வேண்டாம். மலத்தில் கிடைக்கும் வைரஸ் மரபணுத் துண்டுகளில் பெரும்பகுதி எந்த வைரஸுடையது என்றே இன்னும் அடையாளம் காணப்படவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடவும் செய்கிறது. இயல்பு அளவு இது என்று கோடு போட முடியாத ரிப்போர்ட்டை வைத்து எந்த மருத்துவரும் மருந்தை மாற்ற மாட்டார். அந்தப் பணத்தில், குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவை மலத்தில் பாருங்கள். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் நிம்மதி. 250க்கு மேல் என்றால் பெரும்பாலும் அழற்சி மறுபடி தலைதூக்குகிறது. டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இந்த அளவை ஏற்றிக் காட்டும். சமீபத்தில் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தம்பிக்குக் கொலைட்டிஸ் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஸ்டீராய்டு ஊசி போட்டும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. சி.எம்.வி. வைரஸாக இருக்கலாம் என்கிறார்கள். அது என்ன?
– வாசகர், திண்டுக்கல்

சைட்டோமெகலோவைரஸின் சுருக்கம் அது. சிறுவயதிலேயே பலருக்கும் தொற்றி, உடலில் உறங்கிக் கிடக்கும். ஸ்டீராய்டால் எதிர்ப்பு சக்தி குறையும்போது, புண்ணான பெருங்குடலில் விழித்துக்கொள்ளும். ஸ்டீராய்டு ஊசி தொடங்கிய மூன்றாம் நாளும் ஒரு நாளைக்கு எட்டு முறைக்கு மேல் மலம் போனால், அந்த மருந்து கேட்கவில்லை என்று பொருள். அப்போது இந்த வைரஸைத் தேடியே ஆக வேண்டும். கூடவே, பெருங்குடலைத் தாக்கி வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சி. டிஃபிசில் பாக்டீரியாவுக்கான மலப் பரிசோதனையும் அவசியம்.

ரத்தத்தில் வைரஸ் தெரிவது மட்டும் போதாது. குடலைத் தாக்குகிறதா என்பதை, திசுத் துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் சொல்லும். குடலை முழுக்கக் கழுவாமல், கீழ்ப்பகுதி வரை மட்டும் ஸ்கோப் விட்டு, புண்ணின் அடியிலிருந்தும் விளிம்பிலிருந்தும் பல துண்டுகள் எடுப்பார்கள். ஒன்றிரண்டு துண்டு மட்டும் எடுத்தால் வைரஸ் நழுவிவிடும். அந்தத் துண்டுகளில், வைரஸை மட்டும் தனியாகக் காட்டும் இம்யூனோ சாயம் ஏற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். சாதாரணச் சாயத்தில் தவறவிடுவது அதிகம்.

உறுதியானால் கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை, எடையில் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். சில நாளில் தேறினால் வால்கான்சிக்ளோவிர் மாத்திரைக்கு மாற்றி, மொத்தம் இரண்டு மூன்று வாரம் கொடுப்பது வழக்கம். வெள்ளணுக்கள் சரியும் என்பதால் ரத்த எண்ணிக்கையை அடிக்கடி பார்க்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைப்பார்கள். அறுவை சிகிச்சை மருத்துவரும் இப்போதே தம்பியைப் பார்ப்பது நல்லது. பயந்துவிடாதீர்கள், மருந்துகள் பலிக்காமல் போனால் என்ற முன்னெச்சரிக்கைதான்.

ஃபேஜ் வைரஸையே மருந்தாகக் கொடுக்கிறார்களாமே?
– வாசகர், மன்னார்குடி

இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. குடல் அழற்சியைக் கிளப்பும் கிளெப்சியெல்லா பாக்டீரியாவை மட்டும் குறிவைத்து ஐந்து ஃபேஜ்களைக் கலந்து எலிகளுக்குக் கொடுத்ததில் அழற்சி குறைந்தது. 2022இல் வெளியான ஆய்வு இது. ஐந்தையும் ஒன்றாகக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு ஃபேஜ் என்றால் பாக்டீரியா சீக்கிரமே மாறித் தப்பித்துக்கொள்ளும். இந்த ஆய்வில் மனிதர்களில், நோயில்லாத தன்னார்வலர்களிடம் பாதுகாப்பையும், ஃபேஜ்கள் குடலில் தாக்குப்பிடிக்கின்றனவா என்பதையும் மட்டும் சோதித்திருக்கிறார்கள். இதை எதிர்பார்த்து, குடல் அழற்சிக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெசலமைன் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.