அப்பாவின் பென்சில் எழுத்தை அழிக்காதீர்கள்

பழைய பேஸ்பால் நினைவுப் பொருட்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தவர். சென்ற ஆண்டு காலமானார். நிலவறையில் அவருடைய சப்பாத்துப் பெட்டி ஒன்று கிடைத்தது. ரொறன்ரோவின் பேஸ்பால் அணியான புளூ ஜேஸின் டிக்கெட் துண்டுகள், ரப்பர் பட்டி போட்ட வீரர் அட்டைகள், 1987ஆம் ஆண்டின் ஸ்கோர் கார்டு ஒன்று எல்லாம் அதில் இருந்தன. ஸ்கோர் கார்டின் ஓரமெங்கும் பென்சிலில் தமிழில் எழுதியிருக்கிறார். அழித்துவிட்டால் நல்ல விலை கிடைக்கும் என்கிறார் நண்பர். படம் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: அழிப்பானைத் தொடாதீர்கள், சகோதரி. அந்த ஆண்டு ஸ்கோர் கார்டுகள் ஏராளமாக அச்சாகின. அழித்தாலும் அழிக்காவிட்டாலும் சில டாலர்களுக்கு மேல் போகாது. அழித்தால் காகிதம் தேய்ந்து மெலியும், அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். முதல் இன்னிங்ஸ் ஓரத்தில் ‘மூன்று ஸ்ட்ரைக், அவுட்’ என்று குறித்திருக்கிறார். கீழே ‘மதிலுக்கு மேலே போனால் சிக்ஸர் மாதிரி’. ஏழாவது இன்னிங்ஸில் ‘எல்லோரும் ஏன் எழும்பி நிற்கிறார்கள்?’ என்று ஒரு கேள்வி. ஏழாவது இன்னிங்ஸின் நடுவே பார்வையாளர்கள் எழுந்து கை காலை நீட்டிக்கொள்வது இந்த ஆட்டத்தின் வழக்கம். பக்கத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆனால் எட்டாவது இன்னிங்ஸைப் பாருங்கள்: கட்டத்துக்குள் ‘6–3’ என்று சரியாகப் போட்டிருக்கிறார். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் (எண் 6) பந்தை எடுத்து முதல் பேஸ்காரருக்கு (எண் 3) எறிந்து ஆளை வெளியேற்றினார் என்பதற்கான குறி அது. ஒரே மாலையில் ஒரு மனிதர் புதிய ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது அந்தத் தாளில் வரிவரியாக இருக்கிறது. என் அலமாரியில் இதற்கு ஈடான பொருள் கிடையாது.

நான் 1984இல் வந்தேன். உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. அங்கிருந்த வானொலியில் டாம் சீக்கின் நேர்முக வர்ணனை ஓடிக்கொண்டே இருக்கும். 1977இல் புளூ ஜேஸ் ஆடிய முதல் ஆட்டத்திலிருந்து 2004 வரை 4,306 ஆட்டங்களை ஒன்றுகூட விடாமல் வர்ணித்தவர் அவர். என் ஆங்கிலத்தில் பாதி அவர் தந்தது. உங்கள் அப்பா ஸ்டேடியத்துக்குப் போன அந்த 1987இல், கடைசி ஏழு ஆட்டங்கள் மீதமிருந்தபோது அணி தன் பிரிவின் பட்டியலில் மூன்றரை ஆட்டம் முன்னிலையில் இருந்தது. ஏழிலும் தோற்றது. அக்டோபர் 4 அன்று டெட்ராய்ட்டில் ஒன்றுக்குப் பூச்சியம் என்று முடிந்தபோது சமையலறையில் குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் அந்த ரப்பர் பட்டியைக் கழற்றுங்கள். அட்டையின் விளிம்பை அது வெட்டும், வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். ஸ்கோர் கார்டை அமிலமற்ற உறையில் தட்டையாக வையுங்கள். லேமினேட் செய்யவே கூடாது. பெட்டி இனி நிலவறையில் இருக்க வேண்டாம், ஈரம் ஏறும்.

கேள்வி: புளூ ஜேஸ் வென்ற 1992, 1993 வேர்ல்ட் சீரிஸ் கோப்பைகளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். தோற்றுக்கொண்டிருந்த ஆரம்ப ஆண்டுகளின் பொருட்களைச் சேர்ப்பதில் என்ன இருக்கிறது?
– வாசகர், மார்க்கம்

பதில்: எனக்கு அந்த ஆண்டுகள்தான் உயிர். 1977 ஏப்ரல் 7, ரொறன்ரோவின் எக்ஸிபிஷன் ஸ்டேடியம், அணியின் முதல் ஆட்டம். பனி கொட்டியது. மேப்பிள் லீஃப்ஸ் ஹாக்கி அணியிடம் பனித்தளத்தைச் சீராக்கும் ஸம்போனி இயந்திரத்தை இரவல் வாங்கி மைதானத்தைத் துடைத்தார்கள். எதிரணியான சிகாகோ ஒயிட் சாக்ஸின் ஜாக் ப்ரோஹேமர், காலில் காப்புப் பட்டைகளைக் கட்டி, மட்டைகளை ஊன்றி, பனியில் சறுக்கிக் காட்டினார். அந்தக் குளிரில் 44,649 பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் டக் ஆல்ட் மதில் தாண்டும் ஹோம் ரன் இரண்டு அடித்தார். ஒன்பதுக்கு ஐந்து என்று வெற்றி. பிறகு அந்த ஆண்டில் 107 தோல்விகள். அடுத்த ஆண்டு 102, அதற்கடுத்து 109. அப்படியும் மக்கள் ஏரிக் காற்றில் அலுமினியப் பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கையில் வைத்திருந்த டிக்கெட் துண்டைத்தான் நான் தேடுகிறேன்.

தொடங்குவதற்கு ஓ–பீ–சீ நிறுவனத்தின் வீரர் அட்டைகள் நல்லவை. ஒன்டாரியோவின் லண்டன் நகரில் அச்சானவை. பின்புறம் ஆங்கிலமும் பிரெஞ்சும் அருகருகே இருக்கும். விளிம்பு சொரசொரப்பாக, நார் பிரிந்ததுபோல் இருந்தால் பழுதென்று நினைத்து ஒதுக்காதீர்கள். ஆலையில் வெட்டிய விதமே அப்படி. விரலால் தடவிப் பார்த்தால் பழகிவிடும்.

கேள்வி: 1992 அணி முழுவதும் கையெழுத்திட்ட பந்து என்று ஒன்றை வாங்கினேன். உண்மையா?
– வாசகர், மொன்றியல்

பதில்: உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். எல்லாக் கையெழுத்தும் ஒரே மை, ஒரே அழுத்தம், தையலைத் தொடாமல் சீரான இடைவெளி என்றிருந்தால் அது அச்சிட்ட நினைவுப் பந்து. பேனாவால் எழுதியதில் கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒன்றுபோல் இருக்காது. புளூ ஜேஸ் ஆடும் மேஜர் லீக் பேஸ்பாலின், அசலென உறுதிசெய்யும் ஹோலோகிராம் முத்திரைத் திட்டம் 2001இல்தான் வந்தது. ஆகவே 1992இலேயே அந்த முத்திரையோடு வந்த பந்து என்று யாராவது சொன்னால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.