பதில்: சூப்பர்வைசர் ஆனபின் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை

வணக்கம். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனமொன்றில் லைன் சூப்பர்வைசராக உயர்ந்தபின், தையல் பிரிவினர் உங்கள் எதிரில் தலையாட்டிவிட்டு வேலையை வேறுவிதமாகச் செய்வதாக எழுதியிருந்தீர்கள். அதை அலட்சியம் என்று முடிவு கட்டுவது அவசரம் என்றே நினைக்கிறேன். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1955-இல் வகுத்த ‘ஜோஹாரி சாளரம்’ என்ற நான்கு கட்ட வரைபடம், நம்மைப் பற்றிப் பிறருக்குத் தெரிந்தும் நமக்குத் தெரியாமலிருப்பவற்றைத் தனிக் கட்டமாகவே காட்டுகிறது. பதவி உயர உயர, முகத்துக்கு நேரே சொல்பவர்கள் குறைவதால், அந்தக் கட்டம் பெருகுவது இயல்பு. ஆகவே “என்னிடம் என்ன குறை?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள், “ஒண்ணுமில்லைங்க சார்” என்பதுதான் பதிலாக வரும். மாறாக, கழுத்துப் பட்டி தைக்கும் முறையை விளக்கியதும், முதலில் எதைச் செய்யப் போகிறார் என்பதை அனுபவமுள்ள டெய்லர் ஒருவரைத் தம் சொற்களில் சொல்லச் செய்யுங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் பெரும்பாலும் உங்கள் விளக்கமும் தெளிவிழந்திருக்கும். அவர் குறை சொன்னால், உடனே நியாயம் பேசாமல் (இதுதான் மிகக் கடினம்) குறித்துக்கொண்டு, மறுநாளே அதில் ஒன்றையாவது மாற்றிக் காட்டுங்கள். அதைப் பார்த்துப் பக்கத்து மெஷின்காரரும் வாய் திறப்பார்.