சிங்கப்பூர் – நியூயார்க்: தூரமும் பறக்கும் நேரமும்

விமானப் பாதைகளைத் திட்டமிடும் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: சிங்கப்பூரின் சாங்கிக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம்?

பதில்: ஏறக்குறைய 15,350 கி.மீ. நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். சாங்கி கிழக்கே 104 பாகையிலும் கென்னடி மேற்கே 74 பாகையிலும் இருப்பதால், மிகக் குறுகிய வழி வடதுருவத்திலிருந்து 300 கி.மீ.க்குள் செல்கிறது. சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து கென்னடிக்கு 49.4 பாகை, ஆக 138, பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்குங்கள். சுவர் வரைபடம் தட்டை, பூமி உருண்டை; அதில் அளவுகோலை வைத்து மட்டும் அளக்காதீர்கள்.

கேள்வி: ஜனவரியில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டு, அன்று மாலை 5.40க்கே சென்று சேர்வதாகப் பயணச்சீட்டில் உள்ளது. ஐந்தே முக்கால் மணி நேரம்தானா?

பதில்: இரண்டும் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதைக் கூட்டினால் 18 மணி 40 நிமிடம். கோடையில் வித்தியாசம் 12 மணி.

கேள்வி: பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. மேற்கே பறந்தால் நியூயார்க்கே நம்மை நோக்கி வந்துவிடாதா?

பதில்: வராது. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் சுழற்சி வேகம் மணிக்குச் சுமார் 1,670 கி.மீ.; நீங்கள் சொல்வது உண்மையானால், 900 கி.மீ. வேகத்தில் செல்லும் விமானம் அங்கே கிழக்கே எந்த ஊரையும் எட்டிப் பிடிக்கவே முடியாது.

கேள்வி (மேற்படி நண்பர்): அப்படியானால் கிழக்கே செல்லும் விமானங்கள் விரைவாகச் சேர்வது ஏன்? அது சுழற்சியால்தானே?

பதில்: இந்த முறை பாதி உங்கள் பக்கம். வெப்பமண்டலத்திலிருந்து துருவம் நோக்கி நகரும் காற்றைப் பூமியின் சுழற்சி கிழக்கே திருப்பிவிடுவதால், ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் ஜெட் காற்றோட்டம் உருவாகிறது. அது 100 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து தள்ளினால் தரையை ஒப்பிட்ட வேகம் 1,000 ஆகும். எதிர்த்து வீசினால் 800 ஆகக் குறையும். ஆகவேதான் நியூயார்க் செல்லும் விமானம் துருவ வழியை விட்டுப் பசிபிக் மேலாகக் கிழக்கே நீண்ட பாதையில் செல்கிறது. திரும்புகையில் பல நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்து, அப்போதும் கிழக்கு நோக்கியே வருகிறது. நாங்கள் ஒவ்வொரு நாளும் தேடியது குறைந்த தூரத்தை அன்று, குறைந்த எரிபொருளை.

கேள்வி: இந்த நேரடிச் சேவை இடையில் நின்றது ஏன்?

பதில்: 2004இல் நியூயார்க்கை அடுத்துள்ள நியூவர்க் விமான நிலையத்துக்குத் தொடங்கிய சேவை, நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500இன் எரிபொருள் செலவால் 2013இல் நின்றது. 2018இல் இரண்டு எஞ்சின் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) வந்தபின் மீண்டது. கென்னடிக்கு 2020இல் தொடங்கியது. அந்த யூஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும்; இருக்கைகளோ 161 மட்டுமே.

கேள்வி: சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு எத்தனை மணி நேரம்?

பதில்: நேரடி விமானம் இல்லை. இடையில் காத்திருக்கும் நேரமே அதை முடிவு செய்யும். பயண முகவரைக் கேளுங்கள்.

கேள்வி: 15,350ஐ 900ஆல் வகுத்தால் 17 மணி நேரம்தானே வருகிறது?

பதில்: விமானம் செல்லும் பாதை அதைவிட நீண்டது என்று மேலே சொல்லிவிட்டேன். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் அட்டவணை நேரத்தில் சேரும்.

கேள்வி: என் மகனின் பள்ளி வரைபடத்தில் அளந்தேன், வேறு தூரம் வருகிறதே?

பதில்: அளவுகோலைக் கீழே வையுங்கள், ஐயா.