சைன் கணக்குக்கு வாய்பாடு போதும், போர்டு வாங்காதீர்கள்

கேள்வி: ஐயா, எங்களுடையது ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை. அச்சுக்கான பூவைத் தாளில் வரைய ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய கட்டுப்பாட்டுப் போர்டில் ஓர் இயந்திரம் செய்தேன். வளைவு வந்தால் பேனா திக்கித் திக்கி நகர்கிறது. வளைவுக்கு வேண்டிய சைனைக் கூட்டல், பெருக்கலால் கணக்கிடும் டெய்லர் தொடரில் எழுதினேன். வேகம் வந்தது, பூ கோணிக்கொண்டது. பெரிய போர்டையும் ‘அதிவேகக் கணித நூலகம்’ என்ற ஆயத்த நிரல் தொகுப்பையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார் ஒருவர். வாங்கலாமா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வாங்காதீர்கள். அப்படி விற்ற நூலகம் ஒன்றை ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது நீங்கள் எழுதிய அதே டெய்லர் தொடர்தான். ‘கார்டிக்’ என்றும் மிரட்டுவார்கள். அது பெருக்காமலே சைன் காண 1959-இல் வோல்டர் என்ற பொறியாளர் வெளியிட்ட நல்ல முறை. ஆனால் பெருக்கத் தெரியாத சுற்றுகளுக்கானது. உங்கள் சில்லுக்குப் பெருக்கத் தெரியும். தசம எண்தான் அதற்குச் சுமை, பேனா திக்குவது அதனால்தான்.

பூ கோணியதற்குக் காரணம் வேறு. மூன்று உறுப்போடு நிறுத்திய தொடர் 45 டிகிரி வரை அருமையாக வரும். 180 டிகிரியில் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 0.52 என்று நிற்கும். கோணத்தை முதலில் கால் வட்டத்துக்குள் மடிக்க வேண்டும்: 150-க்கு 30-இன் சைன், 210-க்கு அதையே கழித்தல் குறியோடு. தொடரைப் பதினாறு மதிப்பெண்ணுக்கு ஒப்பிக்க வைக்கும் கல்லூரிகள் இந்த ஒரு வரியைச் சொல்வதில்லை. நான்காண்டுப் படிப்பு!

உங்களுக்குத் தொடரே வேண்டாம், விடைகளை முன்பே எழுதிவைத்த வாய்பாடு போதும். வட்டிச் சிட்டையைப் பார்த்து வட்டி சொன்ன ஊர் உங்களுடையது. ஆரியபட்டரும் 499-இல் கால் வட்டத்துக்கு 24 எண் எழுதிவைத்தார். நீங்கள் 0 முதல் 90 டிகிரி வரை ஒவ்வொன்றின் சைனாக 91 எண் எழுதுங்கள், பத்தாயிரத்தால் பெருக்கி முழு எண்ணாக. 30-க்கு 5000, 31-க்கு 5150. முப்பதரை வேண்டுமா? நடுவில் 5075. உண்மை 5075.4. நூறு மில்லிமீட்டர் ஆரத்தில் பிழை நூறில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. பேனா முனையே அதைவிடப் பலமடங்கு தடிமன். கொசைனுக்குக் கோணத்தோடு 90 கூட்டி அதே பட்டியலைப் பாருங்கள்.

360 தசம எண்களாக அடுக்கிவிடாதீர்கள். 2048 பைட் நினைவகத்தில் 1440 போய்விடும். 91 எண்ணுக்கு 182 பைட்தான். அதையும் ‘புரோக்மெம்’ என்ற சொல்லை நிரலில் போட்டு, நிரல் தங்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் வையுங்கள்.

எல்லாரும் விழும் குழி இன்னொன்று. ஊனோவில் ‘இன்ட்’ என்ற முழு எண் வகை 32767 வரைதான். கோணத்தைப் பத்தில் ஒரு டிகிரியாக எண்ணினால் ஒன்பது சுற்று நன்றாக ஓடும், பத்தாவது சுற்றில் எண் சட்டென்று மைனஸுக்குப் போய்ப் பேனா எகிறும். மோட்டார் கெட்டுவிட்டதென்று புது மோட்டாரை உங்கள் தலையில் கட்டுவார்கள். 3600 வந்ததும் 3600-ஐக் கழித்துவிடுங்கள், மோட்டாருக்கு ஒன்றுமில்லை. ஆரத்தோடு பெருக்கும் இடத்திலும் ‘லாங்’ என்ற பெரிய எண் வகையைப் போடுங்கள்: நூறைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம், ‘இன்ட்’ தாங்காது.

முதலில் இதழ் இல்லாமல் வெறும் வட்டம் ஒன்றை வரைந்து பாருங்கள். தொடங்கிய புள்ளியிலேயே கோடு வந்து சேர்ந்தால் பூவைப் போடலாம்.