90 நாள் நோட்டீஸ்: சொல்லாமல் நின்றுவிடலாமா?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி சேவை நிறுவனத்தில் சேர்ந்து 4 வருடம் 7 மாதம் ஆகிறது. சிடிசி (நிறுவனம் எனக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 9 லட்சம், அடிப்படைச் சம்பளம் மாதம் 30 ஆயிரம், பிடித்தம் போகக் கைக்கு 66 ஆயிரம் வருகிறது. இப்போது வேறொரு நிறுவனத்தில் 14 லட்சத்துக்கு ஆஃபர் கிடைத்திருக்கிறது. 30 நாளில் சேரச் சொல்கிறார்கள். இங்கே நோட்டீஸ் பீரியட் 90 நாள். மேனேஜரிடம் பேசிப் பார்த்தேன், ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது என்கிறார். "ரிலீவிங் லெட்டரை எல்லாம் யார் பார்க்கிறார்கள், லேப்டாப்பைக் கொரியரில் அனுப்பிவிட்டு நின்றுவிடு" என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா? — 27 வயது வாசகி, சென்னை

பதில்: செய்யாதீர்கள். சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. உங்கள் விஷயத்தில் நின்றுவிடுவது பண நஷ்டம்.

முதலில் பயத்தைத் தீர்த்துக்கொள்வோம். நோட்டீஸ் முடிக்காமல் போனால் போலீஸ் வராது. உங்களைப் பிடித்து வைத்து வேலை வாங்க எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், வேலையை விட்ட பிறகு அது செல்லாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பணம் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. குறிப்பிட்ட காலம் வேலை செய்யாமல் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் ஷரத்து செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. "இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று டீக்கடையில் கேட்டதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

அடுத்தது ரிலீவிங் லெட்டர், அதாவது முறையாக விடுவித்துவிட்டோம் என்று பழைய நிறுவனம் தரும் கடிதம். இன்று ஆஃபர் கொடுத்தவர்கள் அது இல்லாமலே உங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். சிக்கல் அதற்கடுத்த வேலைக்குப் போகும்போது வரும். பின்னணிச் சரிபார்ப்பு செய்யும் ஏஜென்சி பழைய நிறுவனத்துக்கு மெயில் போடும், அங்கே உங்கள் பெயருக்கு நேராக "அப்ஸ்காண்டிங்" (சொல்லாமல் ஓடியவர்) என்று இருக்கும். பிஎஃப் கணக்கிலும் தடயம் நிற்கும். உங்கள் யுஏஎன் எண்ணின் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கீழ் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எந்தத் தேதி விலகினீர்கள் என்ற வரலாறு முழுக்க இருக்கிறது. பழைய நிறுவனம் விலகிய தேதியைப் போடாமல் விட்டாலோ தாமதமாகப் போட்டாலோ, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்த மாதிரி தெரியும். மூன்லைட்டிங், அதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டே ரகசியமாக இன்னொன்று பார்ப்பது பற்றிய பேச்சு கிளம்பியதிலிருந்து நிறுவனங்கள் இதையும் பார்க்கின்றன.

இனி உங்கள் நண்பர்கள் கணக்கில் எடுக்காத ஒன்று: கிராஜுவிட்டி, அதாவது விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை. ஐந்து வருடம் முடிந்தால்தான் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டத்தில் ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்ததாகக் கணக்கிட 240 நாள் போதும். வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனம் என்றால் 190 நாளே போதும். அதனால் ஐந்தாவது வருடத்தில் அந்த நாட்களை முடித்தவருக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. உங்கள் அலுவலகம் வாரம் ஐந்து நாள் என்றால், இந்த ஏழு மாதத்தில் சுமார் 150 வேலை நாள் ஆகியிருக்கும். 30 நாளில் கிளம்பினால் 190 வராது. 60 நாள் இருந்தால் விளிம்பில் நிற்பீர்கள். 90 நாளும் இருந்தால் 4 வருடம் 10 மாதம், தாராளமாகத் தாண்டிவிடும்.

எவ்வளவு வரும்? கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட துண்டு முழு வருடமாகக் கணக்கில் வரும் என்பதால் உங்களுக்கு 5 வருடம். 30 ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட 86,500 ரூபாய். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியத்தில் சேரும். அப்படிப் பார்த்தால் தொகை இன்னும் கூடும். ஒன்றை மறைக்கக் கூடாது: ஐந்து வருடம் நிறையாவிட்டால் தர மாட்டோம் என்று பிடிவாதம் பிடிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அதனால் கடைசி நாளை உறுதி செய்யும் முன்பே, அந்தத் தேதிக்கு கிராஜுவிட்டி உண்டா என்று எச்ஆருக்கு மெயிலில் கேட்டு பதில் வாங்குங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் இதற்கென்றே அதிகாரி இருக்கிறார், அவரிடம் மனு கொடுக்கலாம்.

ஆக, உங்களுக்குத் தேவை புதிய நிறுவனத்திடம் அவகாசம். மேனேஜரிடம் கெஞ்சுவதைவிட அங்கே பேசுவது சுலபம். 30 நாள் என்பது பெரும்பாலும் ரெக்ரூட்டர் வாயில் வரும் முதல் எண்தான். ஐடி சேவைத் துறையில் 90 நாள் நோட்டீஸ் எவ்வளவு சகஜம் என்று அவருக்குத் தெரியாதா? இத்தனை ரவுண்டு இன்டர்வியூ முடித்துத் தேர்வு செய்த ஆளை இரண்டு மாதத்துக்காக விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தேட யாருக்கும் ஆசை இருக்காது. "90 நாளில் சேர்கிறேன், அதற்கு முன் விடுவித்தால் முன்பே வருகிறேன்" என்று எழுதுங்கள். சேரும் தேதி மாற்றிய ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை ராஜினாமா போடாதீர்கள். போனில் "ஓகே" சொன்னது ஆஃபர் ஆகாது.

அவர்கள் அசையவே இல்லை என்றால் மிச்ச நாளுக்குப் பணம் கட்டி விலகும் வழி, அதாவது பைஅவுட், உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிட்டால் 60 நாளுக்கு 60 ஆயிரம். மொத்தச் சம்பளத்தில் என்றால் அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டும். எந்தக் கணக்கு என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. புதிய நிறுவனம் அதைத் தருவதாகச் சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். சம்பளத்தோடு சேர்த்துத் தந்தால் அதற்கு வரி பிடிப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். சில இடங்களில் பைஅவுட் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டுக் கேட்பார்கள். அப்படி வாங்கத் தேவையில்லை என்று 2022 ஆகஸ்டிலேயே மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை விட்டுவிட்டது, அதைக் காட்டுங்கள்.

மேனேஜரைப் பற்றி இரண்டு வார்த்தை. வாய்ப்பேச்சுக்கு அவர் "முடியாது" என்றுதான் சொல்வார். அவர் கவலை கிளையன்ட் பில்லிங், உங்கள் இடத்துக்கு ஆள். போர்ட்டலில் ராஜினாமா போட்ட நாளிலிருந்துதான் 90 நாள் ஓட ஆரம்பிக்கும். போட்ட கையோடு, எந்த வேலையை யாரிடம் எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பீர்கள் என்று ஒரு வேலை ஒப்படைப்பு (கேடி) அட்டவணை அனுப்புங்கள். மாற்று ஆள் வந்துவிட்டால் 70, 75 நாளில் விடுவது நடக்கக்கூடியதுதான். சம்பளம் கூட்டித் தருகிறேன் என்று கடைசி நேரத்தில் கூப்பிட்டால், என் கருத்தில், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

சரி, அந்த 14 லட்சத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா? 9லிருந்து 14 என்றால் 55 சதவீத உயர்வு மாதிரி தெரிகிறது. ஆஃபரின் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். உதாரணத்துக்கு, அதில் 1 லட்சம் ஜாயினிங் போனஸ், 1.4 லட்சம் வேரியபிள் (நிலையாக இல்லாமல் கூடிக் குறையும் பகுதி) என்று வைத்துக்கொள்வோம். நிலையான சம்பளம் 11.6 லட்சம். அதில் பாதி அடிப்படைச் சம்பளம் என்றால், நிறுவனம் கட்டும் பிஎஃப் 69,600, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 27,900. இரண்டும் சிடிசிக்குள்ளேயே அடக்கம். அப்புறம் உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 69,600, தொழில் வரி 2,500. வருமான வரிக்கு முன் மாதம் கைக்கு வருவது 82,500 பக்கம். 66 ஆயிரத்திலிருந்து பார்த்தால் 25 சதவீத உயர்வு. மோசமில்லை, ஆனால் 55 இல்லை. வேரியபிள் கடந்த வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஒரு வருடத்துக்குள் விலகினால் ஜாயினிங் போனஸைத் திருப்பித் தர வேண்டுமா என்றும் பாருங்கள். பேரம் பேசுவதாக இருந்தால் நிலையான சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கள். அடுத்த உயர்வு அதன் மேல்தான் வரும்.

விலகிய பிறகு பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள். மொத்தம் ஐந்து வருடம் ஆகாமல் எடுத்தால் வரி உண்டு. புதிய கணக்குக்கு மாற்றிவிட்டால் இந்தச் சேவைக்காலமும் சேர்ந்தே எண்ணப்படும். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் போடாமல் இழுத்தால், கடைசி பிஎஃப் கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே போர்ட்டலில் போடலாம். நடப்பு நிதியாண்டில் இங்கே வாங்கிய சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் தனித்தனியாக வரிக் கழிவு கொடுத்து, ரிட்டர்ன் போடும்போது மீதி வரியை மொத்தமாகக் கட்ட வேண்டிவரும்.

பெற்றோர் உங்கள் அலுவலகக் குழுக் காப்பீட்டில் இருந்தால், பொதுவாக அது கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். புதிய இடத்தில் பெற்றோருக்குக் காப்பீடு உண்டா, சேர்ந்த முதல் நாளே தொடங்குமா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். இரண்டு வேலைக்கும் நடுவில் ஊருக்குப் போய் ஒரு வாரம் இருக்கலாம் என்று நினைத்தால், அந்த ஒரு வாரம் பெற்றோருக்குக் காப்பீடு இருக்காது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.