மழைக்கு முந்தைய மாதம்: வாசகர் கேள்விகள்

கே: ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் யானை பார்க்க எந்த மாதம் நல்லது?

செப்டம்பர் கடைசியிலிருந்து மழை விழும்வரை. 40 டிகிரி வெயில் தாங்குமென்றால் அக்டோபர்.

கே: போட்ஸ்வானாவில் பண்ணை பார்க்கிறேன். மாட்டுத் தீனியில் புரதத்துக்காக யூரியா எவ்வளவு கலக்கலாம்?

மாட்டின் எடை என்ன, வேறென்ன தீனி, முன்பு யூரியா தின்று பழகியதா, ஒன்றுமே எழுதவில்லை. இதை வைத்து அளவு சொல்ல மாட்டேன். காய்ந்த புல்லாவது வயிறு நிறையக் கிடைக்க வேண்டும். பசியோடு நிற்கும் மாட்டின் முன் யூரியாவை வைக்காதீர்கள். இரண்டு வாரமாவது கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். யூரியா வைக்கும் தொட்டிக்கு மேலே கூரை, அடியில் ஓட்டை. முதல் மழை தொட்டியில் தேங்கி, யூரியா கரைந்த அந்தத் தண்ணீரைக் குடித்த மாடு சில மணி நேரத்தில் விழுந்துவிடும். கூரை, ஓட்டை. எத்தனை முறை எழுதினாலும் இதை விடமாட்டேன்.

கே: தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு போர்வெல் போட்டால் விலங்குகள் சாகாதே? ஏன் செய்யவில்லை?

செய்தார்கள். அதனால் வந்த கேடுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. சுமார் 300 போர்வெல் போட்டார்கள். வடக்குச் சமவெளியில் ரோன் மான்கள் இருந்தன. உயரமான புல்லில் குட்டியை மறைத்து வளர்க்கும் இனம். தண்ணீர் வந்ததும் வரிக்குதிரைகள் வந்து தங்கின, புல் குட்டையானது, பின்னாலேயே சிங்கங்கள் வந்தன. 1986இல் 450 ரோன்கள். 1993இல் சுமார் 45. அதன்பிறகு அங்கே கிணறுகளை மூடியும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை.

வறட்சியில் பெரும்பாலும் தாகம் கொல்வதில்லை, பசிதான் கொல்கிறது. குட்டையைச் சுற்றியுள்ள புல் தீரத் தீர மந்தை இரைக்காக இன்னும் தூரம் போய், குடிக்கத் திரும்பி வரவேண்டும். முதலில் விழுவது குட்டிகள். ஹ்வாங்கேயில் வற்றாத ஆறு இல்லாததால் குட்டைகளுக்கு நிலத்தடி நீர் இறைக்கும் பம்பை நிறுத்த முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2019 வறட்சியில் ஹ்வாங்கே உள்ளிட்ட ஜிம்பாப்வே பூங்காக்களில் 200க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. பம்பு மட்டும் காப்பாற்றாது. தண்ணீர் வைக்குமுன் புல்லை எண்ணுங்கள்.

கே: எங்கள் மாடுகள் செத்த மாட்டின் எலும்பைக் கடிக்கின்றன. பழக்கமா?

பழக்கமில்லை, பாஸ்பரஸ் குறைவு. அழுகிய எலும்பிலிருந்து பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும். தென்னாப்பிரிக்காவில் 'லாம்சீக்டே' என்பார்கள். கால் தளர்ந்து விழுந்தபின் வைத்தியம் பெரிதாக உதவாது. இப்போதே தடுப்பூசி போடுங்கள், பாஸ்பரஸ் உள்ள தாது உப்பு வையுங்கள், செத்ததை உடனே எரித்துவிடுங்கள்.

கே: கலஹாரியில் ஓரிக்ஸ் மான் தண்ணீரே குடிக்காதாமே?

கிடைத்தால் குடிக்கும். கிடைக்காதபோது காட்டுத் தர்பூசணியும் தோண்டி எடுக்கும் கிழங்கும் போதும். பகலில் வியர்வையை வீணாக்காமல் உடல் சூட்டை ஏறவிட்டு, இரவுக் குளிரில் இறக்கிக்கொள்ளும்.